'ரேகை விழல பாட்டி, துடைச்சிட்டு வைங்க!'

மென்பொருள் செய்பவர்கள் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கப் பல முறைகள் வைத்திருக்கிறார்கள். பிரபலமானது, ஆரக்கிளில் பணியாற்றிய டாய் கிளெக் 1994இல் வகுத்த 'மாஸ்கோ' முறை. கட்டாயம், தேவை, இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாம் என நான்கே பெட்டிகள். எதை எந்தப் பெட்டியில் போடுவது என்பதுதான் சிக்கல். அது போடுகிறவர் யோசிக்கும் விதத்தைப் பொறுத்தது.

திண்டுக்கல் ரேஷன் கடைகளில் இதைப் பார்க்கலாம். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. வீட்டில் யார் எடுத்துப்போனாலும் ஸ்கேன் செய்து பொருள் கொடுத்தார்கள். 2020 அக்டோபரில் கைரேகையும் சேர்ந்தது.

தணிக்கைக்காரர் மூளைக்கு முதல் கேள்வி, "திருட்டு எங்கே நுழையும்?" என்பது. அவருக்குக் கைரேகை கட்டாயப் பெட்டிக்குத்தான் போகும். தப்பில்லை, ரேஷன் அரிசிக் கடத்தல் ஒன்றும் கற்பனையல்ல. பொறியாளர் "சர்வர் தாங்குமா?" என்பார். கடை விற்பனையாளருக்கோ வரிசை நகர வேண்டும். முதல் இருவரும் விதியாக யோசிக்கிறார்கள். இவர் ஆளாக யோசிக்கிறார். ரேகை விழாத பாட்டியை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அந்தப் பாட்டி அபூர்வமானவரும் அல்ல. தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறிய கை, பூட்டை அராவித் தேய்ந்த கை, காலமெல்லாம் களையெடுத்த கை என்று இந்த ஊரின் உழைப்பே விரல் நுனியைத் தின்கிற உழைப்பு. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் கைகளைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "ரேகை விழாவிட்டால்?" என்பது நகரத்து அலுவலகத்தில் விதிவிலக்காகத் தெரியலாம். திண்டுக்கல்லில் அது முதல் பெட்டிக்கு உரியது.

மாற்று வழிகள் இருக்கின்றன: செல்போனுக்கு ஓடிபி வரும், முதியவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம். ஆனால் ஓடிபி போகும் போன் திருப்பூர் பனியன் கம்பெனியில் மகனிடம் இருந்தால்? வீட்டுக்கு ஒரு போன் இருக்கும், அது வீட்டிலேயே இருக்கும் என்று நினைக்கிற மூளைக்கு இந்தக் கேள்வி எழாது. தேவைப் பட்டியல் போடும் கூட்டத்தில் ஒரு நாற்காலியை விற்பனையாளருக்கு ஒதுக்குவதே இதற்கு மலிவான மருந்து.

மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. உங்கள் கார்டில் இருப்பது பழைய நம்பர் என்றால் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.