முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்ரோல் டேப்... வீட்டில் கட்டிய விமானங்கள் நடுவானில் நின்றுபோவது ஏன்?

கொமரலிங்கத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் பழைய பைக்கில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பாதி வழியில் வண்டி திக்குகிறது. நீங்கள் பதறுவதில்லை. இடது கை தானாகக் கீழே போய் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிவிடும். கண் ரோட்டில்தான் இருக்கும்.

அந்த டேப் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால்? அதுவும் வண்டி ரோட்டில் ஓடாமல், 500 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தால்? அப்படி ஒரு டேப்தான் உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் உயிர் போகக் காரணமானது.

பாடகரின் கடைசிப் பயணம்

'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடலால் உலகம் முழுக்கத் தெரிந்தவர் ஜான் டென்வர். அவர் அனுபவமுள்ள பைலட்டும்கூட. 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். 'லாங்-ஈஸி' என்ற குட்டி விமானத்தை அவர் வாங்கினார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த அந்த விமானத்தின் வரைபடத்தை வாங்கி, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கட்ட முடிந்த காலம் உண்டு. டென்வர் வாங்கியதும் அப்படி வேறொருவர் கட்டியதுதான்.

வரைபடப்படி, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் டேப், பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். ஆனால், பைலட் உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வேண்டாம் என்று நினைத்த கட்டுநர், அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான் அது!

1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையம். டேப் கைக்கு எட்டவில்லை என்பது டென்வருக்கும் தெரிந்திருந்தது. கைப்பிடியில் இடுக்கி மாட்டித் திருப்ப முடிகிறதா என்று மெக்கானிக்கோடு சேர்ந்து முயன்றார்கள். சரிவரவில்லை. பெட்ரோல் நிரப்பிக்கொள்ளச் சொன்னபோதும், ஒரு மணி நேரம்தானே பறக்கப்போகிறேன் என்று வேண்டாமென்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் விமானம் பசிபிக் கடலில் தலைகுப்புற விழுந்தது. டென்வர் இறந்தார். வயது 53.

டேப்பைத் திருப்ப உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்திவிடும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து கட்டுப்பாடு போய்விடும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையில் தெரியவந்தது இதுதான். அந்த விமானத்தில் அவர் பெற்ற பயிற்சி, முந்தைய நாள் சுமார் அரை மணி நேரம் மட்டுமே.

குற்றவாளி இன்ஜின்தானா?

அமராவதிப் பாசனத் தோட்டங்களில் ஆயில் இன்ஜின் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால், எவ்வளவு நல்ல இன்ஜினும் நின்றுவிடும். 'ஏர் லாக்' எடுத்தால்தான் மறுபடி ஓடும்.

விமானத்திலும் அதே கதைதான். டேங்க் கட்டும்போது உள்ளே விழுந்த தூசு ஃபில்டரை அடைக்கலாம். சூடான சைலன்ஸர் பக்கத்தில் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகலாம். கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கலாம். கம்பெனி விமானம் என்றால் இதையெல்லாம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். வீட்டு விமானத்தில் அந்தப் பொறுப்பு கட்டியவர் தலையில்!

இதே வாரியம் 2012-ல் வீட்டு விமானங்கள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதிகம் நடப்பது இரண்டு: இன்ஜின் பகுதி பழுதாவது, பைலட் கட்டுப்பாட்டை இழப்பது. கட்டி முடித்த புதிதிலும், இன்னொருவர் கைக்கு மாறிய புதிதிலும்தான் விபத்துகள் அதிகம். பறக்கும் முன் பெட்ரோல் போகும் பாதையை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

நம்ம ஊர் ஆசை

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1910-லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியோடு விமானம் கட்டிப் பறந்து காட்டினார். நம் காலத்தில் மும்பை பைலட் அமோல் யாதவ், மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டினார். 2017-ல் பதிவெண் கிடைத்தது. பறக்க அனுமதி கிடைக்க 2019 ஆனது.

'இவ்வளவு இழுத்தடிப்பா?' என்று தோன்றலாம். தாமதம் வேறு, சோதனை வேறு. அமெரிக்காவில்கூடப் புது வீட்டு விமானத்தை வழக்கமாக 25 முதல் 40 மணி நேரம் சோதனையாக ஓட்ட வேண்டும். ஜனநெருக்கடியான இடத்துக்கு மேல் பறக்கக் கூடாது, வேடிக்கை பார்க்க யாரையும் ஏற்றக் கூடாது. பைக் இன்ஜினை மாட்டிப் பறக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படும் தம்பி, தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. அனுமதி இல்லாமல் பறப்பது சட்டவிரோதமும்கூட.

இன்ஜின் நின்றுவிட்டால்?

இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது. 1,000 அடி உயரத்தில் இருக்கும் சாதாரணச் சிறு விமானம், இன்ஜின் இல்லாமலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும். ஒரு வெட்டவெளி தேட அது போதும். வேகத்தை விட்டுவிடுவதும், மேலே கிளம்பியவுடனே ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வதும்தான் உயிரைக் குடிக்கின்றன. அதனால்தான் பைலட்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், 'என்ன நடந்தாலும் முதலில் விமானத்தை ஓட்டு' என்பது.

அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க, கண் முன்னால் பார்த்திருக்கும்போதே கை டேப்பைத் தொட முடிய வேண்டும். அதைத் தரையிலேயே சரிசெய்திருக்கலாம்.