பாலக்காட்டில் ஒரு பகல்

வடநாட்டு நகரங்களில் பணிபுரியும் தமிழர்களில் பலர் பாலக்காட்டைக் கண்டிருப்பார்கள். ஆயின் இரயிலின் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருப்பார்கள். குருவாயூருக்கோ சபரிமலைக்கோ செல்லும்போது, கோயமுத்தூரைத் தாண்டியதும் வண்டிக்குள் காற்று திடீரென வேகங்கொள்ளும். வலப்புறம் நீலகிரிப் பகுதி மலைகள் விலகி நிற்கும். இடப்புறம் ஆனைமலைத் தொடர் விலகி நிற்கும். நடுவே வயல்களும் பனைகளும் வரும். ஒலவக்கோடு என்று முன்னாளில் வழங்கிய பாலக்காடு சந்திப்பில் வண்டி சில நிமிடங்கள் நின்று புறப்பட்டுவிடும். நாமும் இருபது ஆண்டுகளாகத் தில்லிக்கும் தெற்குக்குமிடையே சென்று வருகிறோம். சென்ற கார்த்திகை மாதத்தில்தான் குடும்பத்துடன் அங்கு இறங்கி ஒரு பகல் முழுவதும் கழிக்க வாய்த்தது. மலைக் காட்சியும் நகரக் காட்சியும் ஒரே பகலில் அடங்குமா என்று கேட்கும் நேயர்களுக்காக, கண்டவற்றையும் அறிந்தவற்றையும் இங்குக் கூற முற்படுகிறோம்.

முதலில் அந்த இடைவெளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றங்கரை தொடங்கிக் குமரி வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் எனலாம். அம்மதிலில் அகன்ற வாயில் ஒன்றே உண்டு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டரும் தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டரும் உயர்ந்து நிற்க, இடையில் மட்டும் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயில் வழியே புகுந்தே கோவை மாவட்டத்தைக் குளிர்விக்கிறது. கோடையில் இதே வாயில் கிழக்கின் வெப்பக்காற்றைப் பாலக்காட்டுக்குள் விடுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சுழல்வதும், கேரளத்தின் பிற பகுதிகளில் தென்னை ஆட்சி செலுத்த இங்குப் பனை தலைதூக்கி நிற்பதும் இதனால்தான். 1862ஆம் ஆண்டில் சென்னையையும் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை, மலையைக் குடையாமலும் மலையில் ஏறாமலும் இவ்வழியே சென்றது. அரசர் படைகளும், வணிகரும், குடிபெயர்ந்த தமிழரும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே இவ்வழியே சென்றுவிட்டனர்.

பயணத் திட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரில் ஒரு தனியார் பயண ஏற்பாட்டாளர், நெல்லியாம்பதி, மலம்புழை, மூணாறு மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாக நம்மிடம் முன்பணம் பெற்றார். வரைபடத்தில் அவை மூன்றும் அருகருகே தோன்றியமையால் நாமும் ஐயுறவில்லை. அன்று நாம் கண்டது காரின் முன்னிருக்கையின் முதுகுப் புறத்தைத்தான். பாலக்காடு மாவட்டமும், மூணாறு அமைந்துள்ள இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே தமிழ்நாட்டின் வால்பாறைப் பீடபூமியும் திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் காடுகளும் கிடக்கின்றன. பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்லவேண்டுமாயின் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வந்து, சின்னாறு சோதனைச் சாவடி கடந்து, சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற மறையூர் வழியாக ஏறவேண்டும். ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அதில் பாதி மலைப்பாதை. மூணாற்றுக்குத் தனியே இரண்டு நாள் ஒதுக்குவதே முறை. இன்னும் விந்தை, பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததே ஆயினும், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் சென்றுதான் அங்குப் போகமுடியும். எல்லைக்கோடு ஒருபுறம், பாதை மறுபுறம்.

ஆகவே இம்முறை நெல்லியாம்பதியையும் பாலக்காட்டு நகரையும் மட்டும் தேர்ந்தோம். கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 2021ஆம் ஆண்டு முதல் குறைந்த கட்டணச் சுற்றுலாப் பேருந்துகளை நடத்தி வருகிறது. கழகத்தின் சின்னத்தில் யானைகள் இருப்பதால் அவ்வூரார் அப்பேருந்தை ‘ஆனவண்டி’ என்று அன்போடு அழைக்கின்றனர். முன்பதிவு செய்துகொண்டு விடியற்காலையில் பணிமனைக்குச் சென்றால் போதும். வழி காட்டுவதும், ஒவ்வோரிடத்திலும் தலைகளை எண்ணி ஏற்றுவதும் நடத்துநர் பொறுப்பு. நம் நடத்துநர் மலையாளத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையுமாக எல்லாவற்றையும் விளக்கினார். தமிழ் விளக்கம் சற்றுச் சுருக்கமாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலையை முதலிலும் நகரைப் பின்னரும் வைத்துக்கொள்வது நலம். பிற்பகலில் மலைமேல் மூடுபனி இறங்கிவிடும். மாலையில் யானைகள் சாலையைக் கடக்குமாதலால், பிற்பகலுக்குப் பின் சோதனைச் சாவடியில் வண்டிகளை மேலே விடுவதில்லை. கல்பாத்திக் கோயிலுக்கோ மாலைப் பொழுதுதான் ஏற்றது.

நகரிலிருந்து நெம்மாறா வரை வயல்களினூடே செல்கிறோம். கேரளத்தின் நெற்களஞ்சியம் இது. நெம்மாறாவைக் கடந்ததும் போத்துண்டி அணை. மண் அணை இது. அதன் நடுச்சுவர் சுண்ணாம்பும் வெல்லமும் கலந்த காரையால் ஆனது என்பர். பேருந்திலிருந்த சிறுவர்கள் எல்லாரும் எறும்புகளைப் பற்றிய ஒரே ஐயத்தை எழுப்பினர். கரையின்மேல் நின்றால் ஒருபுறம் நீரும் மறுபுறம் அந்நீர் பாயும் வயல்களும், பின்னே நாம் ஏறவிருக்கும் மலையும் ஒரே நோக்கில் அடங்கும்.

அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு படி கீழிறங்குகிறது. நெல்லியாம்பதி மலைகள் சுமார் 470 மீட்டரிலிருந்து 1,570 மீட்டர் வரை உயர்ந்தவை. முன்னாளில் இவை கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. நாம் காலையில் புறப்பட்ட பாலக்காட்டு நகரமோ பிரிட்டிஷ் மலபாரில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று யாரும் நினையாத ஓர் எல்லையை நம் பேருந்து வயல்வெளியில் எங்கோ கடந்து வந்துவிட்டது. கொச்சி அரசு காட்டு நிலங்களைக் குத்தகைக்கு விட்டதனாலேயே இங்கு ஏலமும் காப்பியும் தேயிலையும் வந்தன. குத்தகை முடிந்த தோட்டங்கள் சிலவற்றை அரசு மீட்டுக் காடாக்க முனைந்தது. அதன்மேல் வழக்குகள் நெடுங்காலம் நடந்துள்ளன.

மலைமேல் கைகாட்டி, புலயம்பாறை என்னும் சிற்றூர்கள் உள்ளன. புலயம்பாறையருகே அரசின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை இருக்கிறது. பழக்கூழும் பழரசமும் விற்கிறார்கள், வாங்கலாம். கேசவன்பாறைக்குத் தேயிலைத் தோட்டத்தினூடே சிறிது நடக்கவேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் காலைப் பற்றும். உப்புப் பொட்டலம் ஒன்று கையிலிருப்பது நலம்.

எல்லாவற்றிலும் சிறந்தது சீதார்குண்டு. தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நிலம் சட்டென முடிந்துவிடுகிறது. கீழே, நெடுந்தொலைவு கீழே, கொல்லங்கோட்டு வயல்கள் பச்சையும் பொன்னுமாய்க் கட்டம் கட்டிக் கிடக்கின்றன. நடுநடுவே மீன்கரை, சுள்ளியாறு நீர்த்தேக்கங்கள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னுகின்றன. வனவாசத்தின்போது இராமரும் சீதையும் இலக்குவனும் இங்குத் தங்கினர் என்றும், இவ்வருவி நீரில் சீதை நீராடினாள் என்றும் ஊர்க்கதை. நமக்கோ வேறொன்று தோன்றியது. இத்தனை ஆண்டுகளாக இரயிலில் படித்துக்கொண்டும் உறங்கிக்கொண்டும் நாம் கடந்துபோன கணவாய் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. எத்திசையில் தமிழ்நாடு, எத்திசையில் கேரளம் என்று நம் பதினொரு வயது மகள் கேட்டாள். கைநீட்டிக் காட்டினோம், கோடு ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்பட்டாள். விளிம்பிலுள்ள கம்பித் தடையைத் தாண்டி நின்று படம் எடுத்துக்கொள்வோரை அங்கும் கண்டோம். அப்படித் தாண்டிச் சென்று உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

புலயம்பாறைத் தேநீர்க் கடையில் ஒரு முதிய அம்மையார் நம் பேச்சைக் கேட்டு, “நீங்க எந்த ஊருப்பா?” என்றார். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவராம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையில் இம்மலைப்பாதை பல இடங்களில் பெயர்ந்து விழுந்தது. மலைவாழ் மக்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டனர். ஹெலிகாப்டரிலும், தொண்டர்களின் தலைச்சுமையாகவும் உணவுப் பொருள்கள் ஏறின. அந்நாட்களைப் பற்றி அம்மையார் சொன்னது இவ்வளவே: “அரிசிக்குக் கஷ்டமில்லைப்பா, வந்துடுச்சு. கீழே இருக்கிற பிள்ளைக்கு நான் உயிரோட இருக்கேன்னு சொல்லத்தான் வழியில்லே.” இரண்டாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். தோட்டத் தொழிலாளரான தமிழ்க் குடும்பங்கள் அவை. தேயிலையின் பசுமையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நாம், வரிசையாய் நிற்கும் சிறு வீடுகளையும் ஒரு முறை நின்று பார்க்கலாம். மழை கடுமையாக உள்ள சூன், சூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்த்து, செப்டம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்வதே நமக்கும் அவர்களுக்கும் நல்லது.

பேருந்து நகருக்குத் திரும்பும் நேரம் அட்டவணைக்கேற்ப மாறும். நம் வண்டி நான்கு மணிக்கு முன்பே இறக்கிவிட்டது. எஞ்சிய பகுதியை நாமாகவே ஆட்டோவில் பார்த்தோம்.

நகரின் நடுவே கோட்டை. கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர் மைசூரின் உதவியை நாட, ஹைதர் அலி 1766ஆம் ஆண்டில் இக்கோட்டையைப் புதுக்கிக் கட்டினார். மைசூர்ப் படைக்கும் ஆங்கிலப் படைக்குமிடையே பன்முறை கைமாறி, 1790ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமே நிலைத்தது. மக்கள் வழக்கில் இது திப்புவின் கோட்டை. கருங்கல் மதிலும் அகழியும் சிதையாமல் உள்ளன. உள்ளே ஆஞ்சநேயர் கோயில் ஒன்றுண்டு. கணவாயைக் கைக்கொண்டவனே கோவைக்கும் மலபாருக்கும் இடைப்பட்ட வழியைக் கைக்கொண்டவன் என்பதை மதில்மேல் வீசும் காற்றே உணர்த்துகிறது.

மலம்புழை அணையை நேரமின்மையால் விட்டுவிட்டோம். சென்னை அரசு 1949இல் தொடங்கி முடித்த அணை அது. 1955ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே, 1956 நவம்பர் முதல் நாள், அணையும் ஊரும் கேரளத்துக்குச் சென்றன. பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சி சிலையைக் காணவேனும் மறுமுறை செல்லவேண்டும்.

பொழுது சாயும் வேளையில் கல்பாத்தியை அடைந்தோம். ஆற்றங்கரையில் படிகள் இறங்கிச் சென்று காணவேண்டிய விசுவநாதசுவாமி கோயில். அதை ஒட்டி இருமருங்கும் ஓட்டு வீடுகள் தோளொடு தோள் சேர்ந்த நீண்ட தெருக்கள். மாயவரத்தைச் சேர்ந்த இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்து, 1425ஆம் ஆண்டளவில் பாலக்காட்டு அரசரிடம் பொன் கொடுத்து இக்கோயில் எழச் செய்தார் என்பது வரலாறு. ஐப்பசித் தேரோட்டத்தின்போது இத்தெருக்களில் கால் வைக்க இடமிராது. சோழநாட்டிலிருந்தும் பாண்டிநாட்டிலிருந்தும் கணவாய் வழியே வந்த அந்தணக் குடும்பங்கள் பாலக்காட்டைச் சுற்றிப் பல அக்கிரகாரங்களை அமைத்தன. அவற்றை அவர்கள் ‘கிராமம்’ என்றே வழங்குகின்றனர். செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரும் இம்மண்ணில் தோன்றியவர்கள். பிற்காலத்தில் இதே கிராமங்களின் பிள்ளைகள் எழுத்தர்களாகவும் சமையற்காரர்களாகவும் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றனர். ஆதலால் ஒரு வகையில் அவர்கள் நமக்கு முன்சென்றவர்கள்.

திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மாமி நம் மகளை அழைத்து விசாரித்தார். மகள் தமிழில் விடையளித்தாள். “தில்லிலே இருந்துண்டு நன்னாப் பேசறதே கொழந்தே! வாசிக்கவும் தெரியுமோ?” என்றார். மகள் தலைகுனிந்தாள். தில்லிப் பள்ளியில் அவள் இந்தியும் ஆங்கிலமும் கற்கிறாள். வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது, நாள் முழுதும் தமிழாக்கத்தையே தொழிலாகக் கொண்ட நம்முடைய நெடுநாளைய தீர்மானம். அத்தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

மாமி சிரித்தார். “அதுக்கென்ன, நேக்கும் தெரியாதாக்கும்” என்று மடியிலிருந்த தோத்திரப் புத்தகத்தைக் காட்டினார். தமிழ்ப் பாட்டு, அச்சிட்டிருந்ததோ மலையாள எழுத்தில். அறுநூறு ஆண்டுகளாகப் பேச்சும் சமையலும் பாட்டும் அத்தெருவில் தமிழாகவே நிலைத்துள்ளன. எழுத்து மட்டும் பல வீடுகளில் எப்பொழுதோ நழுவிவிட்டது. பள்ளியில் கற்ற எழுத்தே கைக்கு வந்த எழுத்தாயிற்று. அதில் குறைகூற யாதுமில்லை. ஆயினும் அப்புத்தகத்தின் பக்கத்தில், கேட்டால் புரியும் சொற்களைக் கண்ணால் அறிய இயலாமல் நாம் நின்ற நிலையை எளிதில் மறக்க முடியவில்லை. மாமி ஒரு வரியை வாசிக்க, மகள் அதைத் தடையின்றித் திருப்பிச் சொன்னாள்.

இரவு வண்டியில் சென்னைக்குத் திரும்பினோம். வாளையாறு கடந்ததும் மற்றவர்கள் உறங்கிவிட்டனர். மகள் மட்டும் சன்னலோரம் விழித்திருந்தாள். கோயமுத்தூர் நிலையத்தில் வண்டி நின்றபோது, பெயர்ப் பலகையின் தமிழ் வரியைச் சுட்டி, முதல் எழுத்து எது என்று கேட்டாள். ‘கோ’ என்றோம். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் ‘த்’ வரை சென்றபோது வண்டி நகர்ந்துவிட்டது.