வண்டியோரப் பந்தல்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கும் மேல்மருவத்தூருக்கும் வேனில் புறப்படும் நம்மவர், வழியில் உண்ணவும் இளைப்பாறவும் வண்டியோடு சேர்த்துத் தார்ப்பாய் கட்டுவதுண்டு. இச்சிறு பந்தலுக்கும் முறை உண்டு, நேயர்களே.

முதலில் துணி. பருத்திக் கித்தான் கனமானது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் இலேசானது, மழைநீர் புகாது, ஆயின் தீப்பட்டால் உருகும்.

அடுத்து இடம். சாலையை விட்டு நன்கு விலகி வண்டியை நிறுத்துக. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், பந்தலையும் வண்டியின் இடப்பக்கமே அமைத்தல் வேண்டும். குழந்தைகள் வலப்பக்கம் இறங்கினால் ஓடும் வண்டிகளின் எதிரே நிற்பர்.

மேல்விளிம்பைக் கூரைமேலுள்ள கேரியரில் கட்டுக, கதவிலன்று. வெளிவிளிம்பு தாழ்ந்திருத்தல் இன்றியமையாதது. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பந்தலில் 10 மில்லிமீட்டர் மழை முழுதும் தேங்குமாயின், அது 60 லிட்டர். அதாவது 60 கிலோ பாரம். வளர்ந்த ஆள் ஒருவர் மேலே அமர்ந்ததை ஒக்கும்!

காற்று வலுத்தால் உடனே கழற்றுக. பந்தலின்கீழ் அடுப்பு மூட்டலாகாது. எஞ்சினையும் ஓடவிடலாகாது, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு.

புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, கயிறுகள் யாவும் அவிழ்ந்தனவா, பந்தல் நிழலில் உறங்கியோர் அனைவரும் ஏறினரா என்று பார்த்த பின்னரே ஓட்டுநருக்குக் குரல் கொடுங்கள்.