தன்னார்வப் பங்களிப்பும் அறங்காவலர் குழுத் தலைமையும்: விக்கிமீடியா அறக்கட்டளையை முன்வைத்து

முன்னுரை

இலாப நோக்கற்ற அமைப்புகளில் தன்னார்வலர் இரு நிலைகளில் இயங்குகின்றனர். ஊதியமின்றிப் பணியாற்றுவது ஒரு நிலை. அறங்காவலர் குழுவில் அமர்ந்து அமைப்பை வழிநடத்துவது மற்றொரு நிலை. உழைப்பில் பங்கேற்போர் அதிகாரத்திலும் பங்கு பெறுகின்றனரா என்பதைத் துணைவிதிகளே தீர்மானிக்கின்றன. இதனை விக்கிமீடியா அறக்கட்டளையின் வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

உறுப்பினர் இல்லா அமைப்பு

விக்கிப்பீடியாவை நடத்திவரும் இவ்வறக்கட்டளை 2003 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டப்படி நிறுவப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட பன்மொழிப் பதிப்புகளைத் தன்னார்வத் தொகுப்பாளர்களே எழுதி வளர்க்கின்றனர். முதலில் நிறுவனர் ஜிம்மி வேல்சும் அவருடைய தொழில் கூட்டாளிகள் இருவரும் மட்டுமே குழுவில் இருந்தனர். 2004ஆம் ஆண்டுத் தேர்தல்வழித் தொகுப்பாளர் இருவர் அதில் இடம்பெற்றனர்.

தொடக்கத் துணைவிதிகள் தன்னார்வலரை உறுப்பினராகக் கருதின. 2006இல் செய்யப்பட்ட திருத்தம் உறுப்பினர் முறையை நீக்கியது. புனைபெயரில், பல நாடுகளிலிருந்து எழுதுவோரைச் சட்டப்படியான உறுப்பினராகப் பதிவு செய்வது எளிதன்று. ஆயினும், இத்திருத்தத்தின் விளைவு பெரிது. தேர்தல் தொடர்ந்து நடைபெற்றாலும், வென்றவரைப் பதவியில் அமர்த்தும் அதிகாரம் குழுவுக்கே உரியதாயிற்று. அமர்த்தும் அதிகாரத்தோடு நீக்கும் அதிகாரமும் குழுவின் கைக்கு வந்தது.

இரு நிகழ்வுகள்

2015இல் தொகுப்பாளர் வாக்குகளால் தேர்வான மருத்துவர் ஜேம்ஸ் ஹெய்ல்மன், அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று எட்டுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். தேர்ந்தெடுத்தோரின் ஒப்புதல் இதற்குத் தேவைப்படவில்லை. அறங்காவலர் தம்மைத் தேர்ந்தெடுத்தோருக்கன்றி அமைப்புக்கே முதற்கடமை உடையவர் என்பது சட்டத்தின் நோக்கு. வாக்களித்தவர்களோ அவரைத் தம் பிரதிநிதியாகக் கண்டனர். இவ்விரு புரிதல்களின் மோதலே இங்கு வெளிப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரே மீண்டும் தேர்வானார்.

2016 ஜனவரியில் குழு நேரடியாக நியமித்த அறங்காவலர் ஒருவருக்கு எதிராகத் தொகுப்பாளர்கள் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடத்தினர். அதற்குச் சட்ட வலிமை ஏதுமில்லை. எனினும், அம்மாதமே அவர் பதவி விலகினார். தன்னார்வ உழைப்பை நம்பியுள்ள அமைப்பில் அவ்வுழைப்பாளரின் நம்பிக்கை சட்டத்துக்குப் புறம்பான ஓர் அதிகாரமாகச் செயல்படுவதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இடங்களின் எண்ணிக்கையும் விகிதமும்

2020ஆம் ஆண்டுத் திருத்தம் குழுவின் இடங்களைப் பத்திலிருந்து பதினாறாக உயர்த்தியது. தன்னார்வச் சமூகமும் இணை அமைப்புகளும் தேர்வு செய்யும் இடங்கள் ஐந்திலிருந்து எட்டாயின. எண்ணிக்கை கூடினும் விகிதம் பாதியாகவே நின்றது. துணைவிதிகளைத் திருத்தும் அதிகாரமும் குழுவிடமே உள்ளது.

முடிவுரை

தேர்தல் நடைபெறுவது மட்டுமே தன்னார்வலரின் ஆட்சியுரிமைக்குச் சான்றாகாது. அறங்காவலரை அமர்த்துவோர் யார், நீக்குவோர் யார், துணைவிதிகளைத் திருத்துவோர் யார் என்னும் மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே அவ்வுரிமையின் அளவைக் காட்டும். தமிழ்ச் சூழலில் இயங்கும் சங்கங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றை ஆராய்வோரும் இவ்வினாக்களிலிருந்து தொடங்கலாம்.