உங்களுக்குத் தெரியுமா? பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

● "பிக்மி நம்பர் வாங்கியாச்சாம்மா?" பழவேற்காட்டில் ஒரு பெண் கர்ப்பமானதும் நர்சம்மா கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. 12 இலக்க எண். கடைசி மாதவிலக்குத் தேதி, ரத்த அளவு, தடுப்பூசி, பிரசவம் எல்லாம் அதன் கீழ் கணினியில் ஏறும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. இந்த மாதிரிப் பதிவுகளில் பெயர், முகவரி, போன் நம்பரை நீக்கிவிட்டு ஆய்வுக்குக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். மருத்துவ மாணவர்களுக்கு அது புதையல்.

● அப்படிப்பட்ட ஒரு புதையலில் 300 வயது தாண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளைக் கொண்டு எம்.ஐ.டி. உருவாக்கிய 'மிமிக்-3' தரவுத்தளம் அது. 2001 முதல் 2012 வரை சேர்ந்த 40,000-க்கும் அதிகமானவர்களின் விவரம் அதில் உண்டு. 89 வயதைத் தாண்டியவர்கள் ஊரில் சிலரே இருப்பார்கள், எளிதில் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் அவர்கள் வயதை வேண்டுமென்றே 300-க்கு மேல் ஏற்றிவிட்டார்கள். நெறிமுறைப் பாடம் ஒன்றை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பல நாட்டு மாணவர்களும் இதைப் பெறலாம்.

● தேதியும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 26-12-2004 என்று ஒரு கடலோரக் குப்பத்து நோயாளியின் சீட்டில் இருந்தால், சுனாமி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழவேற்காட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாள் எது என்பது நாடறிந்த செய்தி. மிமிக்-3 இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு நோயாளியின் தேதிகளையும் ஒரே அளவாக எதிர்காலத்துக்குத் தள்ளிவிட்டது. சேர்ந்த நாளுக்கும் வீடு திரும்பிய நாளுக்கும் உள்ள இடைவெளி மட்டும் மாறாது. கிழமைகூட அப்படியே இருக்கும்.

● பழவேற்காட்டின் பின்கோடு 601205. பொன்னேரிக்கு 601204, மீஞ்சூருக்கு 601203. அமெரிக்க விதி அடையாளம் நீக்க 18 வகை விவரங்களை அழிக்கச் சொல்கிறது. பின்கோடில் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் விடலாம். அந்த வட்டாரத்திலும் 20,000 பேருக்கு மேல் இல்லையென்றால் மூன்றையும் பூஜ்யமாக்க வேண்டும். நம் ஊரில் 601 என்று மட்டும் விட்டால் பழவேற்காட்டுக்காரரும் மீஞ்சூர்க்காரரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். ஆள் தப்பினார். ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் என்ன நோய் என்ற கேள்வியும் அதோடு போச்சு!

● 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தது. பயமில்லை என்றார் ஆளுநர் வில்லியம் வெல்ட். எம்.ஐ.டி. மாணவி லட்டன்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூன்றையும் ஒப்பிட்டார். ஆளுநரின் பதிவே கையில் கிடைத்தது. அதை அவர் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தார்.

● கேம்பிரிட்ஜ் போன்ற நகரிலேயே இந்தக் கதி என்றால் குப்பத்தைச் சொல்லவே வேண்டாம். ஏரியில் இறங்கி, தண்ணீருக்கடியில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடும் இருளர் பெண்கள் பழவேற்காட்டில் உண்டு. அவர்களின் கைப்புண்களை ஒரு மாணவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் ஒரு வரி: 'பெண், 58 வயது, கையால் இறால் பிடிப்பவர், சர்க்கரை நோய், ஒரு விரல் அகற்றப்பட்டது.' பெயர் இல்லை, கதவு எண் இல்லை. ஆனால் படகுத்துறையில் நிற்கும் எவரிடம் காட்டினாலும் வீட்டையே கைகாட்டுவார்கள். அமெரிக்காவுக்கு எழுதிய விதியை அப்படியே இங்கே பொருத்துவது வெறும் சடங்கு. அமெரிக்காவின் முதியோர் அரசுக் காப்பீடான மெடிக்கேரின் தரவைப் பயன்படுத்துவோர் 10 அல்லது அதற்குக் குறைவான எண்ணிக்கையை அட்டவணைக் கட்டத்தில் அச்சிடக் கூடாது. குப்பத்துக்கு இந்தக் கட்டுப்பாடு பெயரை நீக்குவதைவிட முக்கியம் என்பேன்.

● தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) 6,36,699 வீடுகளில் கணக்கெடுத்தார்கள். நோக்கத்தை எழுதிப் பதிவு செய்தால் மாணவர்களுக்கும் தரவு இலவசம். கிராமத்தின் இருப்பிடத்தை மட்டும் வரைபடத்தில் பெரும்பாலும் 5 கி.மீ. வரை தள்ளி வைப்பார்கள். பழவேற்காட்டில் 5 கி.மீ. தள்ளினால்? பக்கத்திலேயே வங்கக்கடலும் ஏரியும். புள்ளி தண்ணீரில் விழுந்தாலும் வியப்பில்லை.

● இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காக. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதைக் கேட்டு பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று. இன்று அதே ஆய்வு நடந்தால் நெறிமுறைக் குழுவின் முதல் கவலை அந்த 'ஆறு' என்ற எண்ணாகத்தான் இருக்கும்.

● பதிவுகளால் என்ன பயன் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எடைபோட்ட மிகப் பெரிய சோதனை நடந்தது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கம். 1968-ல் ஆரம்பித்து 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். 15 ஆண்டுக் கணக்கு 1999-ல் வெளிவந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் போடும் ஊசி தொடர்கிறது, போடாமல் விட்டுவிடாதீர்கள்.)

● எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டு மாத ஆய்வு உதவித்தொகையை ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் தருகிறது. 2017-ல் அது வெளியிட்ட நெறிமுறைப்படி, அடையாளம் நீக்கிய பதிவுகளாக இருந்தால் நோயாளியிடம் தனியே ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். தீர்மானிப்பது நெறிமுறைக் குழு, மாணவர் அல்ல.

● மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குப்பத்துப் பதிவை வைத்து எழுதினால், அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஊர் நர்சம்மாவிடம் அட்டவணையைக் காட்டுங்கள். "இது இன்னார்தானே?" என்று அவர் கேட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.