காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சாச்சு... குழந்தை எப்போ வாசிக்கும்?

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்த பல லட்சம் ரூபாய் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. 'ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி எல்லாரையும் போல படிச்சிருவான்' என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால், பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

கருவி என்ன செய்கிறது?

காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸர், ஒலியைச் சிக்னலாக மாற்றி, தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு அனுப்பும். அங்கிருந்து உள்காதில் செருகிய எலக்ட்ரோடுகள் வழியாக செவி நரம்புக்குப் போகும். இயல்பான காதில் ஆயிரக்கணக்கான செல்கள் பார்க்கும் வேலையை இங்கே சுமார் 12 முதல் 22 எலக்ட்ரோடுகள் பார்க்கின்றன. எனவே ஒலி கேட்கும், நுணுக்கம் குறையும். 'பல்லி', 'பள்ளி' இரண்டையும் பிரித்துக் கேட்கவே பயிற்சி வேணும்.

வாசிப்பில் என்ன சிக்கல்?

வாசிப்புக்கு இரண்டு திறன்கள் தேவை என்று 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தை ஒலியாக்குவது. மற்றொன்று, அந்த மொழி புரிவது. எழுத்துக்கூட்டி 'வரப்பு' என்று படித்துவிடலாம். அந்தச் சொல்லையே கேட்டிராத குழந்தைக்கு அது வெறும் சத்தம்தான்.

தமிழில் கூடுதலாக ஒரு படி உண்டு. நெல்லை வீட்டில் 'வாரான்', பாடப்புத்தகத்தில் 'வருகிறான்'. மற்ற குழந்தைகள் கதை, டிவி செய்தி என்று போகிற போக்கில் எழுத்துத் தமிழைப் பிடித்துக்கொள்வார்கள். இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கு தூரத்துப் பேச்சும், இரைச்சலுக்கு நடுவே வரும் பேச்சும் லேசில் பிடிபடாது.

முடியுமா, முடியாதா?

முடியும். 5 வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்த 181 குழந்தைகளை, அவர்களின் 8, 9 வயதில் ஆய்வு செய்தார் அமெரிக்க ஆய்வாளர் ஆன் கியர்ஸ். 2003-ல் வெளியான முடிவின்படி, பாதிக்கும் மேற்பட்டோர் கேட்கும் குழந்தைகளின் சராசரி அளவுக்கு வாசித்தனர். மீதிப் பேர் பின்தங்கியே இருந்தனர் என்பதையும் மறக்கக் கூடாது.

மாஞ்சோலையில் இருந்தால்?

பேச்சுப் பயிற்சிக்குத் தொடர்ந்து போக வேணும். பிராசஸரின் அளவுகளை அவ்வப்போது சரிசெய்ய வேணும். மாஞ்சோலை போன்ற மலை ஊரிலிருந்து ஒவ்வொரு முறையும் மணிமுத்தாறுக்கு இறங்கி, அங்கிருந்து நெல்லைக்குப் போக வேணும். அப்பா அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. மழை ஈரம் பிராசஸருக்கு ஆகாது, இரவில் உலர்பெட்டியில் வைக்கணும். ஆபரேஷன் இலவசமானாலும் இந்தச் செலவுகள் நிற்பதில்லை. பயிற்சி விட்டுப்போனால் முதலில் அடிபடுவது மொழி, அடுத்தது வாசிப்பு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும்.
* டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சோறு வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும் செய்வதைச் சொல்லுங்கள்.
* தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். பிறகு அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்.
* வகுப்பில் முன் பெஞ்சு கேளுங்கள்.

இம்ப்ளான்ட் பலன் தராத குழந்தைகளுக்கும் கல்வி உண்டு. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பெயரில் உள்ள காது கேளாதோர் பள்ளி, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. சைகை மொழியும் முழுமையான மொழிதான். எந்த வழியானாலும், குழந்தையின் கையில் புத்தகம் வருவதற்கு முன் அதற்கு ஒரு மொழி வந்திருக்க வேணும்.