பணத்தைப் பத்தித் தலைப்பு எழுதறது எப்படி? ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை’யில் இருந்து ஆரம்பிக்கலாம்

12 லட்சம் வரி, பிஎஃப் 100%, எஃப் அண்ட் ஓ நஷ்டம்: மூணு செய்தி, ஒவ்வொண்ணுக்கும் துணைத் தலைப்பில் போக வேண்டிய நிபந்தனை

வீடியோவில் தம்நெயில் பத்தி மட்டும்தான் பேச முடிஞ்சது. தலைப்பும் அதுக்குக் கீழே வர்ற துணைத் தலைப்பும் எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம், அதனால எழுத்திலேயே பார்த்துடலாம். நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் வேலையோட சேர்த்து பிளாக், நியூஸ்லெட்டர், லிங்க்டுஇன் பதிவுன்னு எழுதிட்டு இருக்கீங்க. எழுதாதவங்களும் படிங்க. தலைப்பை மட்டும் பார்த்து வேலையை விடுறதும், டிக்கெட்டை கேன்சல் பண்றதும் தினமும் நடக்கற விஷயம்தான்.

சீசன் நேரம்னு வைங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சாரல். சென்னையில வேலை பார்க்கிற நாலு பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிக்கு டிக்கெட் போட்டாச்சு, ரூமுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. வியாழக்கிழமை மதியம் போன்ல ஒரு லிங்க் வருது: ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை’.

மூணே வார்த்தை. படிச்சவுடனே புரியுது, தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா முடிவெடுக்க இது போதுமா? குற்றாலம்னா ஒரு அருவியா? மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவின்னு வரிசையா இருக்கு. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி கொட்டினா அங்கே குளிக்க விடமாட்டாங்க. சில நாள் எல்லா அருவியிலும் தடை, சில நாள் ஒண்ணு ரெண்டுல மட்டும். காலையில போட்ட தடையை சாயங்காலமே எடுக்கறதும் உண்டு. இன்னொரு கொடுமை, அந்த லிங்க் போன வருஷத்து செய்தியாவும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும்போது தேதி எங்கே தெரியுது?

அதே தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்திருந்தா? (மாதிரிக்குத்தான், எந்த நாளோட உண்மை நிலவரமும் கிடையாது.)

‘மெயின் அருவி, பழைய குற்றாலத்தில் மட்டும், ஐந்தருவியில் அனுமதி. ஜூலை 12, காலை 8 மணி நிலவரம்’

இப்போ அந்த நாலு பேரும் ஒரு முடிவுக்கு வர முடியும். எந்த இடம், எது வரை, எந்த நேரத்து நிலவரம்: இந்த மூணையும் துணைத் தலைப்பு சொல்லிடுச்சு. இதை வெறும் டூர் செலவு விஷயமா நினைச்சுடாதீங்க. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்தில் திடீர்னு வந்த வெள்ளத்தில் 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். அந்த மாதிரி நாள்ல தலைப்பு தெளிவா இருக்கறதுதான் முதல் எச்சரிக்கை.

ஒரு சின்னக் குறை சொல்லிட்டுப் போறேன். தடை எடுத்த அன்னைக்கு வர்ற தலைப்பைப் பாருங்க. ‘தடை நீக்கம்; சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி’ன்னு இருக்கும். தடையை எடுத்தா சந்தோஷப்படாம என்ன பண்ணுவாங்க? அரைப்புள்ளிக்கு அப்புறம் கிடைச்ச இடம் முழுக்க வீண். அந்த இடத்துல ‘மெயின் அருவியில் காலை 6 மணி முதல்’னு போட்டிருந்தா பஸ் ஏறவேண்டிய ஒருத்தருக்கு உதவியிருக்கும்.

கடைவாசல் போஸ்டர் பழக்கம்

தமிழ்ல தலைப்புக்குன்னு ஒரு பெரிய பாரம்பரியமே இருக்கு. சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியற மாதிரி சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்துல இருக்கற தமிழ். டீக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிக்க, பத்து பேர் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் ஒரு தலைப்பு நல்லா இருக்கான்னு பார்க்க, சத்தமா வாசிச்சுப் பாருங்க. நடுவுல மூச்சு வாங்கினா தலைப்பு நீளம்.

அந்தப் பத்திரிகைகள் கூடவே கடைவாசல்ல தொங்குற போஸ்டரும் வந்துச்சு. போஸ்டரோட வேலை வேற. பாதியைச் சொல்லி, மீதிக்குக் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க வைக்கணும். இன்னைக்கு ஆன்லைன்ல ‘இந்த ஒரு தப்பு பண்ணாதீங்க!’ன்னு வர்றது அந்தப் போஸ்டரோட பேரன்தான். சினிமா செய்திக்கு அது பரவாயில்ல. வரி, பிஎஃப், கடன் விஷயத்துல பாதியை மறைச்சா, லிங்க்கைத் திறக்காத ஆளும் பாதித் தகவலோட போயிடறார், அதை நாலு பேர்கிட்ட சொல்லவும் செய்றார். என்னோட கருத்து என்னன்னா, பணத்தைப் பத்தின தலைப்பைத் திறக்காம போறவருக்கும் அது தப்பான தகவல் கொடுக்கக் கூடாது.

‘12 லட்சம் வரை வரி இல்லை’: இதுல எது விட்டுப்போச்சு?

2025 பிப்ரவரி 1, நிர்மலா சீதாராமன் பட்ஜெட். அன்னைக்கு எல்லாரும் பார்த்த விஷயம் இதுதான். உண்மையும்கூட. ஆனா சம்பளக்காரருக்குத் தேவையான நாலு விஷயம் அதுக்குள்ள இல்ல.

ஒண்ணு, இது புது வரி முறைக்கு மட்டும். ரெண்டு, சம்பளத்துக்கு 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இருக்கறதால நமக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல. மூணு, ஷேர் வித்து வர்ற குறுகியகால லாபம் மாதிரி தனி விகிதம் இருக்கற வருமானத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. நாலாவதுதான் நிறைய பேரை முழிக்க வைக்குது. இது அந்த 2025 பட்ஜெட் நேரத்துல 87ஏ பிரிவுல வந்த தள்ளுபடி. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா, வந்த வரி 60,000 ரூபாயையும் அரசு தள்ளிவிடுது. தாண்டிட்டா தள்ளுபடி போயிடும், கணக்கு 4 லட்சத்துல இருந்தே ஆரம்பிக்கும்.

சம்பளம் 13.75 லட்சம்னு வைங்க. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக 13 லட்சம். தலைப்பை மட்டும் படிச்சவர், “மேல இருக்கற 1 லட்சத்துக்குத்தானே 15%, 15,000 ரூபாய் ஆகும்”னு நினைப்பார். உண்மையில 4 முதல் 8 லட்சத்துக்கு 20,000, அடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 1 லட்சத்துக்கு 15,000. மொத்தம் 75,000, செஸ் 4% சேர்த்தா 78,000 ரூபாய். 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டினவருக்கு மார்ஜினல் ரிலீஃப் இருக்கு. 12.10 லட்சம்னா, தாண்டின 10,000 ரூபாய்க்கு மேல வரி போகாது, செஸ் மட்டும் தனி. 13 லட்சத்துக்கு அந்த ரிலீஃப் வராது.

இந்த நாலையும் தலைப்புக்குள்ள திணிக்க முடியாது. திணிக்கவும் வேணாம். நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

தலைப்பு: ‘புது வரி முறை: சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை’

துணைத் தலைப்பு: ‘தாண்டினால் 4 லட்சத்தில் இருந்தே கணக்கு, 13.75 லட்சம் சம்பளத்துக்கு ரூ.78,000. ஷேர் லாபத்துக்குத் தனி வரி’

தலைப்பு யாருக்கு, எவ்வளவுன்னு சொல்லுது. துணைத் தலைப்பு எங்கே அது நின்னுபோகும்னு சொல்லுது. தலைப்பை வேற வார்த்தையில திருப்பிச் சொல்ற துணைத் தலைப்பு (‘சம்பளதாரர்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி, முழு விவரம் உள்ளே’) இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்.

பிஎஃப்: ஒரே முடிவு, எதிரெதிர் தலைப்பு

2025 அக்டோபர் 13 அன்னைக்கு இபிஎஃப்ஓவோட மத்திய அறங்காவலர் குழு சில முடிவுகள் எடுத்தது. பகுதியா பணம் எடுக்கறதுக்கு இருந்த 13 விதமான விதிகளை மூணு பிரிவுக்குள்ள அடக்கறது, தகுதியான இருப்புல 100% வரை எடுக்க அனுமதிக்கறது, அதே சமயம் கட்டின தொகையில 25% எப்பவும் கணக்குலேயே இருக்கணும்ங்கறது, வேலை போனவர் கணக்கை முழுசா முடிக்கற காலத்தை 2 மாசத்துல இருந்து 12 மாசமா மாத்தறது.

இதை வச்சு ‘இனி பிஎஃப் பணம் 100% எடுக்கலாம்’னும் எழுதலாம், ‘25% பிஎஃப் பணத்தைத் தொட முடியாது’ன்னும் எழுதலாம். ரெண்டு மாதிரியும் வலம் வந்துச்சு. முதல் தலைப்பைப் படிச்சவர், “ரிசைன் பண்ணா மொத்தமும் கைக்கு வந்துடும்”னு கணக்குப் போட்டு பேப்பர் போடலாம். ரெண்டாவதைப் படிச்சவர் பயத்துல இருக்கற பணத்தை அவசரமா எடுக்கப் பார்க்கலாம். ரெண்டு பேருக்கும் நஷ்டம்தான். கடைசியில தொழிலாளர் அமைச்சகமே, வேலை போனா 75% உடனே, மீதி 12 மாசத்துக்கு அப்புறம்னு விளக்கம் கொடுக்க வேண்டி வந்துச்சு.

அந்த விளக்கமே நல்ல தலைப்பு, கவனிச்சீங்களா? ‘வேலை போனால் பிஎஃப்பில் 75% உடனே, மீதி 12 மாதம் கழித்து’. கீழே துணைத் தலைப்பா, ‘அக்டோபர் 13 கூட்டத்தின் முடிவு, இதுவரை முழு செட்டில்மென்ட்டுக்கு 2 மாதம்’. இங்கே ‘இனி’ங்கற வார்த்தையைத் தவிர்த்ததுக்குக் காரணம் இருக்கு. குழு முடிவெடுக்கற நாளும், போர்ட்டல்ல நாம பட்டனை அழுத்தற நாளும் ஒண்ணா இருக்காது. ‘இனி’ன்னு போட்டா படிக்கிறவர் அன்னைக்கு ராத்திரியே லாகின் பண்ணிப் பார்ப்பார்.

தமிழ்ல ‘இல்லை’ கடைசியில வருது. போன் கடைசியைத்தான் வெட்டுது

இது ஆங்கிலத்துல எழுதறவங்களுக்கு அவ்வளவா வராத சிக்கல். கூகுள் தேடல்ல தலைப்பு திரையோட அகலத்துக்கு ஏத்த மாதிரி வெட்டப்படும், மீதிக்கு மூணு புள்ளி. நம்ம மொழியில வினைச்சொல் கடைசியில, அதைவிட முக்கியமா மறுப்பும் கடைசியில. இதைப் பாருங்க:

‘குற்றாலம் மெயின் அருவியில் இன்று சுற்றுலாப் பயணிகள் குளிக்க அனுமதி…’

வெட்டுப்பட்ட வார்த்தை ‘இல்லை’. அர்த்தமே தலைகீழ். பண விஷயத்துல:

‘பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 12 லட்சம் வரை வரி விலக்கு…’

இங்கே போனது ‘கிடையாது’. இதை நம்பி ஒருத்தர் பழைய முறையிலேயே இருந்துட்டா? பத்திரிகைக்காரங்க ‘அனுமதி இல்லை’ன்னு நீட்டாம ‘தடை’ன்னு எழுதறது வெறும் இடச் சிக்கனம் இல்லைங்க, மறுப்பை ஒரே சொல்லுக்குள்ள அடைச்சுடறாங்க. அப்படிச் சொல் கிடைக்காட்டி மறுப்பை முன்னாடி கொண்டு வாங்க: ‘12 லட்சம் சலுகை இல்லை: பழைய வரி முறைக்காரர்கள் கவனத்துக்கு’. எங்கே வெட்டினாலும் அர்த்தம் மாறாது.

நீளத்துலயும் ஒரு விஷயம். ‘குற்றாலம்’ நமக்கு 5 எழுத்து. கணினிக்கு 9, ஏன்னா புள்ளி, கால், உகரக் குறி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். யூடியூப் தலைப்புக்கு 100 கேரக்டர்தான் உச்சவரம்பு. தமிழ்ல அது சீக்கிரமே தீர்ந்துபோகும். முக்கியமான எண்ணும் சொல்லும் முதல் நாலஞ்சு வார்த்தைக்குள்ள வந்துடட்டும். வாட்ஸ்அப்ல லிங்க் போட்டா தலைப்போட கீழே ஒரு வரி தெரியும். நாம எதுவும் கொடுக்காட்டி அங்கே ‘வணக்கம் நண்பர்களே’ போய் உக்காந்துக்கும். விவரிப்புப் பெட்டியில துணைத் தலைப்பை அப்படியே போட்டுடுங்க.

எந்த எண்ணைத் தலைப்புல வைக்கறது?

செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட எஃப் அண்ட் ஓ ஆய்வை எடுத்துக்கோங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல தனிநபர் டிரேடர்கள்ல 93% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல, நஷ்டப்பட்டவருக்கு சராசரியா சுமார் 2 லட்சம். மூணும் உண்மை. 1.8 லட்சம் கோடி பிரமாண்டமா இருக்கு, ஆனா அதை யாரும் தன் பணமா நினைச்சுப் பார்க்கறதில்ல. மாசம் 35,000 சம்பளம் வாங்கறவருக்கு 2 லட்சம்னா கிட்டத்தட்ட ஆறு மாச உழைப்பு. அந்த எண்ணைத் தலைப்புல வைங்க, 93%-ஐயும் மூணு வருஷத்தையும் துணைத் தலைப்புக்கு அனுப்புங்க. 93% ஜெயிக்காதபோது மீதி 7% நான்தான்னு நினைக்கிறவங்க எப்பவும் இருப்பாங்க, அவங்களைத் தலைப்பால தடுக்க முடியாது.

கட்டுரைக்குள்ள வர்ற சின்னத் தலைப்புகளுக்கு ஒரே ஒரு சோதனை போதும். பத்திகளை எல்லாம் மறைச்சுட்டு அதுங்களை மட்டும் வரிசையா படிங்க. ‘முன்னுரை, விவரங்கள், நன்மைகள், முடிவுரை’ன்னு இருந்தா எதுவும் தெரியாது. ‘வேலையை விட்டதும் எவ்வளவு வரும்?’, ‘மீதி 25% எப்போ?’, ‘பென்ஷன் பணத்துக்கு வேற விதியா?’ன்னு இருந்தா, அவசரத்துல இருக்கறவர் தனக்குத் தேவையான இடத்துக்கு நேரா போயிடுவார்.

விதி மாறும்போது பழைய கட்டுரையை அழிக்காதீங்க, லிங்க் ஏற்கெனவே பல குரூப்ல சுத்திட்டு இருக்கும். தலைப்புல நிதியாண்டைச் சேருங்க, துணைத் தலைப்புல புது விதியை ஒரு வரியில எழுதி, மாத்தின தேதியைப் போடுங்க. ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆன மெசேஜ்ல பழைய தலைப்பு அப்படியேதான் தெரியும், அதை மாத்த வழியில்ல. லிங்க்கைத் திறக்கறவருக்காவது முதல் வரியிலேயே புதுசு கண்ணுல படும்.